காரைக்காய் கரைத்த மத்தியானம்

எனக்கு ஈரல் வறுவல் என்றால் உயிர். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த புரோட்டாக் கடையில் கல்லின்மேல் ஈரல் விழும் சத்தம் கேட்டால், ஜீப்பில் பாதி ஏற்றிய லோடை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். டிரைவர் அண்ணன் அப்போது திட்டிய வார்த்தைகளை எழுதினால் இதை நீங்கள் வீட்டில் வைத்துப் படிக்க முடியாது. அப்பேர்ப்பட்ட நான் ஈரலைத் தொட்டு வெகுகாலம் ஆகிறது. யாராவது இலையில் வைத்தால் அது அசைகிறதா என்று முதலில் பார்க்கிறேன். அசையாது. தெரியும். இருந்தாலும் பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், மலைக்கு ஆளும் அரிசியும் ஏற்றிப்போய் ஏலக்காய் மூட்டையோடு இறங்கும் ஒரு ஜீப்பில் தொத்திக்கொண்டு திரிந்தேன். படிப்பு கிடையாது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கே, இது ஒத்துவராது என்று வாத்தியாரும் நானும் ஒரே மனதாக முடிவு செய்துவிட்டோம். எழுத்துக் கூட்டப் பழகியது பஸ் போர்டைப் பார்த்து. அதனால் தேவாரம், ராசிங்காபுரம் என்று ஊர்ப்பேரெல்லாம் பிழையில்லாமல் எழுதுவேன். மற்ற வார்த்தைகள் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். எண்ணுவது அதைவிட மோசம். மூட்டை இறக்கும்போது விரல்கள் தீர்ந்ததும் ‘நிறைய’ என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கதையில் பின்னால் வேண்டியிருக்கும்.

என் அக்கா மலையடிவாரத்தில், ஜீப்பு திரும்பி மூச்சு வாங்கும் இடத்தில் இருந்த ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மச்சான் இறந்தபின் அவளுக்கு மிஞ்சியது ஓர் ஓட்டு வீடும் இரண்டு பசுக்களும். ஒன்று வெள்ளை, ஒன்று செவலை. பாலைப் போடி டீக்கடைகளுக்கு ஊற்றிப் பிழைத்தாள். பசு இல்லையென்றால் மேலே போய் எஸ்டேட் லயத்தில் தங்கி ஏலக்காய் பறிக்க வேண்டியதுதான். அட்டைக்கடிக்கு அவள் பயப்படவில்லை. வீட்டைப் பூட்டுவதற்குத்தான் பயந்தாள்.

“அந்த மனுசன் வந்து பாக்கையில கதவு பூட்டியிருக்கக் கூடாதுடா” என்பாள்.

செத்தவர் எப்படி வருவார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

ஊருக்கு மேற்கே, மலை இறங்கி முடிகிற இடத்தில் கன்னிமார் குட்டை. மேலே பாறை இடுக்கில் ஓர் ஊற்று. அதன் வாயில் ஒரு குழி. குடிக்கத் தண்ணீர் அங்கே எடுப்பார்கள். அது வழிந்து கீழே குட்டையில் சேரும். ஆடு மாடுகளுக்குக் குட்டை. கரையில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள், ஏழு கன்னிமார். தண்ணீருக்குள் ஏழு பெரிய மீன்கள். அவைதான் கன்னிமார் என்று ஊர் நம்பியது. வெள்ளிக்கிழமை பொரி போட்டால் கைக்குப் பக்கத்தில் வந்து வாய் திறக்கும்.

அந்த மீன்களைப் பிடிக்கக் கூடாது. குட்டையில் சோப்புப் போடக் கூடாது. உச்சி வெயிலில் அந்தப் பக்கம் போகக் கூடாது. அது கன்னிமார் கரையேறிக் கூந்தல் உலர்த்தும் நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக, மீன்களை எண்ணக் கூடாது. வயசுப் பெண்களை ஒருத்தன் நின்று எண்ணினால் சும்மா விடுவார்களா? அதனால் யாரும் எண்ணியதே இல்லை. ஏழு என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். எனக்கு எண்ணத் தெரியாததைப் பக்தி என்று மதித்த ஒரே ஊர் அது.

சித்திரையில் மலை முழுக்கப் பழுத்துக் கிடக்கும்போது குட்டையைச் சுற்றி மட்டும் பச்சை இருக்கும். மாடுகள் மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அக்காவின் வெள்ளை அங்கேயே கிடந்து மேய்ந்தது. பிறகு இளைத்தது. கழிந்தது. தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை போல ஒன்று தொங்கியது. உச்சி வெயிலில் போய் நின்றதற்குக் கன்னிமார் தட்டிவிட்டார்கள் என்றது ஊர். வேப்பிலை அடித்தார்கள், திருநீறு போட்டார்கள். ஒரு காலையில் அது எழுந்திருக்கவில்லை.

போடி மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து, அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். காலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றதும் ஊர் முழுக்கச் சோலி வந்துவிட்டது. சோலியில்லாத ஒரே ஆள் நான். பிடித்துக்கொண்டேன். அவர் ஈரலை எடுத்துக் கல்லில் வைத்து, உள்ளே ஓடும் குழாயைக் கீறி அமுக்கினார். சேறு போல ஒன்று வந்தது. சேற்றோடு பழுத்த வேப்பிலைகள் வந்தன. வேப்பிலை எப்படி ஈரலுக்குள் போயிற்று என்று குனிந்து பார்த்தேன். ஓர் இலை ஓரத்தைச் சுருட்டி நீட்டியது.

“ஈரல் புழு. இங்க குட்டையில நத்தை இருக்கா?” என்றார் டாக்டர்.

“நிறைய இருக்கு சார்.”

“அதான். சாணியில இதோட முட்டை போகும். தண்ணியில பொரிக்கும். பொரிச்ச குஞ்சு நேரா மாட்டுக்கு வராது. நத்தைக்குள்ள போய்க் குடியேறி, அங்கன பெருகி, வெளிய வந்து கரைப் புல்லுல ஒட்டிக்கிரும். கண்ணுக்குத் தெரியாது. புல்லோட சேத்து மாடு திங்கும்.”

“நத்தை வீட்டை வாடகைக்கு விடுதா சார்?” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா செவலையிடம் போய் அதன் தாடைக்குக் கீழே கையை வைத்திருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

“சார், இதுக்கும் கொழகொழன்னு இருக்கே?”

டாக்டர் அமுக்கிப் பார்த்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தார். உள்ளே வெளுத்திருந்தது. மருந்தை ஊற்றிவிட்டுச் சொன்னார்: “உள்ள இருக்கிறது சாகும்மா. மறுபடி அந்தப் புல்லைத் தின்னா மறுபடி ஏறும். இன்னொரு தடவை இது தாங்காது. வெளிய நத்தை இருக்கிற வரைக்கும் இதைக் காப்பாத்திட்டேன்னு நெனச்சுக்காத.”

அக்கா செவலையை மாட்டுக் கொட்டத்தில் கட்டி வைக்கோல் போட்டாள். அது வைக்கோலை முகர்ந்துவிட்டு அவளைப் பார்த்தது. மறுநாளே கயிற்றை அறுத்துக்கொண்டு குட்டைக்கு ஓடியது. இரண்டு பேரும் ஓடி இழுத்துவந்தோம். இழுத்தது அக்கா. நான் விழுந்து எழுந்து வந்தேன்.

ஏலத்தோட்டத்தில் அழுகலுக்குத் தெளிக்கிற மயில்துத்தத்தைக் குட்டையில் போட்டால் நத்தை சாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் குட்டை வழிந்தால் கீழே வயல். வேண்டாம் என்றாள் அக்கா. அப்போது எனக்கு என் படிப்பு ஞாபகம் வந்தது. நான் உருப்படியாகக் கற்றது ஒன்றே ஒன்று, ஓடையில் காரைக்காய் கரைத்து மீன் பிடிப்பது. மலைச்சரிவில் முள்ளும் தானுமாக நிற்கும் செடி. சின்னக் கொய்யா போல மஞ்சள் காய். தட்டிக் கரைத்தால் சோப்புப் போல நுரைக்கும். மீன்கள் மயங்கி மல்லாந்து மிதக்கும். வெரசாக அள்ளவேண்டும். நல்ல தண்ணீர் பட்டால் தெளிந்து ஓடிவிடும். அப்படிக் கரைத்த இடங்களில் நத்தைகள் மட்டும் தெளியவே தெளியாது. செத்து அடியில் கிடக்கும். நத்தையை யார் பார்த்தது அப்போது, மீனைத்தானே பார்த்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் கேட்டேன்.

“நுரை தள்ளுற காய் நத்தைக்கு ஆகாதுதான். நத்தை செத்தா உள்ள இருக்கிற குஞ்சும் சேந்து போகும். செஞ்சு பாரு. ஆனா புல்லுல ஏற்கெனவே ஒட்டியிருக்கிறதுக்கு உன் காய் ஒண்ணும் பண்ணாது. அதை அறுத்துக் காயவச்சுக் கொளுத்திரு.”

எல்லாம் சரி. ஆனால் அது கன்னிமார் குட்டை.

அக்கா பூக்கட்டிப் பார்க்கலாம் என்றாள். சாமியிடம் உத்தரவு கேட்க அதுதான் எங்கள் வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், சிவப்பு அரளி ஒரு பொட்டலத்தில் வைத்துக் கல்லுக்கு முன்னால் போடுவார்கள். சின்னப் பிள்ளை ஒன்று எடுக்கும். வெள்ளை என்றால் சம்மதம். ஊரே வந்து நின்றது. என் மாமன் முறை உள்ள ஒருவர் தோளில் தட்டினார்.

“என்ன மாப்ளே, நத்தை நத்தைன்னு சொல்லி ஆத்தாமாரு மீனுக்கு வலை போடுறியாம்ல?”

“ஆமா மாமா. நத்தைக் கொழம்புக்கு உங்க வீட்லதான் வெங்காயம் உரிக்கச் சொல்லியிருக்கு” என்றேன்.

ஒரு பெண்பிள்ளை போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு.

“ஆத்தாமாரு வேணாங்குறாங்க தாயி” என்றார் பூசாரி. குரலில் வருத்தம் இருந்தது. அவருக்கும் ஆடுகள் உண்டு.

எல்லோரும் கலைந்தார்கள். அக்கா கற்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். எனக்கே வரவில்லை. அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

“அவங்க ஏழு பேரு இருக்காங்கடா. எனக்கு இது ஒண்ணுதான்” என்றாள். “நாளைக்குக் காய் கொண்டா.”

உச்சி வேளையைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். யாரும் வராத நேரம் அது ஒன்றுதான். கன்னிமார் கரையில் இருப்பார்களே என்றேன். “அப்ப தண்ணியில இருக்க மாட்டாங்கல்ல. நல்லதுதானே” என்றாள். அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க எனக்குப் படிப்புப் போதவில்லை.

முள் கீறிய கையோடு இரண்டு சாக்கு காய் சேர்த்திருந்தேன். வெயிலில் குட்டை சுருங்கி இடுப்பளவுதான் இருந்தது. வழியும் வாயை மண் போட்டு அடைத்தோம். பாறையில் காய்களைத் தட்டித் தட்டிக் கரைத்தோம். நுரை வெள்ளையாக எழும்பிக் கற்களின் காலடிவரை போனது. அதுவரை காதைக் கிழித்துக்கொண்டிருந்த சிள்வண்டுகள் நின்றுவிட்டன. நின்றதா, எனக்குக் கேட்காமல் போனதா, இன்றுவரை தெரியாது.

அக்காவின் திட்டம் எளிது. பெரிய மீன்கள் மயங்கியதும் ஒவ்வொன்றாக எடுத்து மேலே ஊற்றுக்குழியில் விடவேண்டும். நல்ல தண்ணீரில் தெளியும். அவள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதல் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தது. இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கினாள்.

“வா ஆத்தா. வா. கோவிக்காத.”

ஈரச் சாக்கில் வாங்கிக்கொண்டு மேலே ஓடினேன். கன்னிப்பெண்களைத் தூக்கிச் சுமக்க என் வாழ்க்கையில் வாய்த்த ஒரே சந்தர்ப்பம். அதிலும் ஒருத்தி வாலால் கன்னத்தில் அறைந்தாள். ஓடினேன், வந்தேன், ஓடினேன். பிறகு சாக்கை விரித்துக்கொண்டு நின்றபோது அக்கா எதையும் தரவில்லை. குனிந்து காலால் துழாவினாள். கையால் துழாவினாள். முங்கிப் பார்த்தாள். தலையில் நுரையோடு எழுந்தாள்.

“இன்னொண்ணு எங்கடா?”

“எல்லாம் மேல இருக்குக்கா.”

“ஆறுதான் குடுத்தேன்.”

“எனக்கு எண்ணத் தெரியாதுக்கா.”

“எனக்குத் தெரியும்டா” என்றாள்.

நானும் இறங்கித் துழாவினேன். சேறும் வேரும் நத்தையும் தட்டுப்பட்டன. மல்லாந்த சின்ன மீன்கள் மிதந்தன. பெரிசாக ஒன்றும் இல்லை. மேலே குழியில் ஒவ்வொன்றாகத் தெளிந்து சுற்ற ஆரம்பித்திருந்தன. ஆறு என்று அவள் சொன்னால் ஆறு. ஒருவேளை எப்போதுமே ஆறுதானோ, யாரும் எண்ணியதில்லையே என்றேன். அவள் கரையைக் காட்டினாள்.

“ஏழு கல்லு இருக்கேடா.”

நத்தைகள் ஓட்டுக்கு வெளியே நாக்கைத் தொங்கப்போட்டது போலச் செத்துக் கிடந்தன. கூடையால் அரித்து எடுத்தோம். கரைப் புல்லை அறுத்துக் கொளுத்துவதற்குக் காயப்போட்டோம். சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பூசாரி வந்து ஊற்றுக்குழியை எட்டிப் பார்த்தார். பார்த்த உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார். எண்ணிவிடக் கூடாதே.

“எல்லாரும் இருக்காங்களா தாயி?”

“இருக்காங்க மாமா” என்றாள் அக்கா.

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கேட்டால் எண்ணவேண்டும்.

மழை பெய்து குட்டை நிறைந்ததும் மீன்களைத் திரும்ப விட்டோம். அந்த வருசம் தவளைச் சத்தமே இல்லை. அதுவரை பொழுது சாய்ந்தால் பேச்சுக் கேட்காத அளவுக்குக் கத்தும் இடம், வாயை மூடிக்கொண்டு நம்மைப் பார்ப்பது போலக் கிடந்தது. செவலையின் தாடை வற்றியது. ஆடி மாதம் அதன் மேல்முடி பளபளத்தது. பிறகு கன்று போட்டது. ஊர் ஆடுகளுக்கும் தாடைவீக்கம் குறைந்தது. கன்னிமார் மனசு இரங்கிவிட்டார்கள் என்று பொங்கல் வைத்தார்கள். எனக்கும் ஒரு கரண்டி கிடைத்தது. பின்வந்த கோடைகளில் நத்தைகள் தலைகாட்டினால் கரையோரம் மட்டும் கொஞ்சம் காய் கரைப்போம். அதைப் பூசாரி பார்த்தும் பார்க்காமல் போவார்.

அக்காதான் மாறிவிட்டாள். செவலையை ‘ஏய்’ என்பதை விட்டாள். குச்சியை எடுக்கமாட்டாள். வெள்ளிக்கிழமை அதன் கொம்பில் பூ சுற்றுவாள். ஒருநாள் நான் அதன் முதுகில் சாய்ந்து பீடி பற்றவைத்தேன்.

“டேய், மரியாதையாத் தள்ளி நில்லு.”

“மாட்டுக்கு என்னக்கா மரியாதை?”

அவள் என் பக்கத்தில் வந்து, மாட்டுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னாள். “அன்னைக்கு உச்சியில கரையேறி நின்னவ தண்ணிக்குத் திரும்ப முடியாமப் போச்சுடா. நம்மதான் மருந்து கரைச்சுட்டோமே. எங்கிட்டுப் போவா? இதுக்குள்ள வந்து உக்காந்துட்டா.”

புழு நத்தைக்குள் போகிறது, நத்தையிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து மாட்டுக்கு என்று டாக்டர் சொன்னபோது நம்பினேனே. இதை மட்டும் எப்படி நம்பாமல் இருப்பது? சிரிக்கப் பார்த்தேன். செவலை திரும்பி என்னையே பார்த்தது. பீடியை அணைத்துவிட்டேன்.

தினமும் உச்சி வேளையில் செவலை நிழலை விட்டு எழுந்து குட்டைக்குப் போகும். குடிக்காது. தண்ணீரைப் பார்த்துக் காதை முன்னால் விட்டு நிற்கும். அக்கா சற்றுப் பின்னால் நிற்பாள். வீட்டில் செத்த வெள்ளையின் கழுத்துமணி ஆணியில் தொங்கும். செவலைக்கு அவள் மணி கட்டவே இல்லை. ஆனாலும் அது குட்டைக்கு நடக்கும்போது மணிச்சத்தம் கேட்கும் என்று நான் ஜீப்பில் கதை விடுவேன். சும்மா, ஆட்களைப் பயமுறுத்த. ஒருநாள் எனக்கே கேட்டது. அதற்குப்பின் அந்தக் கதையை விடவில்லை.

எண்பதுகளின் நடுவில் செவலை கிழடாகிப் படுத்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. பல் தேய்ந்து, கண் மங்கி, அக்கா மடியில் மூக்கை வைத்துப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இப்போது வேறு டாக்டர். அறுத்துப் பார்க்கலாமா என்று தயங்கித்தான் கேட்டார். மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன்.

“பாருங்க சார். எனக்கும் தெரியணும்” என்றாள். “வெரசா மூடிருங்க.”

நான்தான் மறுபடி காலைப் பிடித்தேன். ஈரலில் பழைய தழும்புகள் கயிறு போலத் தடித்திருந்தன. குழாயைக் கீறி அமுக்கினார். பித்தநீர் மட்டும் வந்தது. ஓர் இலைகூட இல்லை.

“சுத்தமா இருக்கும்மா” என்றார்.

அக்கா அழுதது அப்போதுதான். குட்டைக்கரையில், ஏழாவது கல்லுக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். ஆணியில் கிடந்த மணியையும் கொண்டுவந்து உள்ளே போட்டாள். மண் தள்ளி முடித்தபோது உச்சியாகிவிட்டது. போகலாம் என்றேன். அவள் முந்தானையில் முடிந்திருந்த பொரியை எடுத்தாள்.

“தம்பி, எண்ணுடா.”

“எண்ணக் கூடாதுக்கா.”

“நீ எண்ணலாம். உனக்குத்தான் எண்ணத் தெரியாதே. அவங்க கோவிக்க மாட்டாங்க.”

பொரியை வீசினாள். நான் கரையில் குந்தி விரல்களை நீட்டிக்கொண்டேன். மீன்கள் வந்தன. பழைய ஆறா, அதுகளின் பிள்ளைகளா, யார் கண்டது? ஒவ்வொரு வாய் திறக்கும்போதும் ஒரு விரலை மடக்கினேன். ஒரு கை தீர்ந்து மறுகையில் கட்டைவிரலையும் மடக்கியபின் கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பொரி ஒன்று தனியாக மிதந்தது.

“ஏழுக்கா” என்றேன்.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

அவள் வீட்டுக்கு நடந்தாள். மச்சான் போனதிலிருந்து திறந்தே கிடந்த கதவைச் சாத்திக்கொண்டு, பட்டப்பகலில் தூங்கினாள். பொழுது சாய்ந்தும் எழுந்திருக்கவில்லை. நான் எழுப்பவும் இல்லை.

என் கையில் எத்தனை விரல் மடங்கியிருந்தது என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன்: கட்டைவிரலை மடக்கிய பிறகு, தனியாக மிதந்த அந்தப் பொரிக்குக் கீழே தண்ணீர் கலங்கியது. கலக்கியது யார் என்று நான் குனிந்து பார்க்கவில்லை. அடுத்த விரலையும் மடக்கிவிட்டு எழுந்துவிட்டேன்.